பதினோரு மணிக் காட்சி: ஒரு சிறிய படத்தின் வெளியீடு, 2024 ஏப்ரல் – மே

2024 ஏப்ரல் 26 அன்று தியேட்டருக்கு வந்த ஒரு சிறிய தமிழ்ப் படத்தின் வெளியீட்டு வேலைகளை நான் ஒருங்கிணைத்தேன். அந்தப் படத்துக்கு என்ன நடந்தது, எந்தக் கட்டத்தில் என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பதை வரிசையாக இங்கே எழுதி வைக்கிறேன். படத்தின் பெயரையோ இதில் வருகிறவர்களின் பெயர்களையோ சொல்லவில்லை. தொகைகளைத் தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொண்டு முழு எண்ணாக்கித் தந்திருக்கிறேன். இப்படி ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து நிற்கப் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

பின்னணி

படத்தின் கதை ஈரோட்டை ஒட்டிய பள்ளிபாளையத்தில் நடக்கிறது. விசைத்தறிப் பட்டறையில் வாங்கிய முன்பணத்தை அடைக்க முடியாத கணவன், அதே பட்டறைக்குத் தார் போட, அதாவது தறிக்கான நூலைக் குச்சியில் சுற்ற, போகும் மனைவி, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். இயக்குநரும் அந்த ஊரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர். சென்னையில் ஒன்பது வருடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, முதல் படம் எடுக்க ஊருக்குத் திரும்பினார். 2022ல் 34 நாளில் படப்பிடிப்பு முடிந்தது. மூன்று பேர் மேடை நடிகர்கள், மற்ற எல்லாரும் ஊர்க்காரர்கள். தயாரிப்பாளர் ஈரோட்டில் நூல் வியாபாரம் செய்கிறவர்; சினிமாவில் போட்ட முதல் பணம் இதுதான். ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது திரையிடத் தயாரான முழுப் படம், கைக்கு வந்தபோது ஒரு கோடியே நாற்பது லட்சம் செலவாகியிருந்தது.

படம் தொடங்கியபோது அவர் போட்ட கணக்கு தப்பானது என்று சொல்ல முடியாது. 2020லும் 2021லும், பெருந்தொற்றுக் காலத்தில், ஓடிடி நிறுவனங்கள் தியேட்டருக்கு வராத படங்களையும் நேரடியாக வாங்கின. 2023 முடிவதற்குள் அந்தக் கதவு பெரும்பாலும் சாத்திவிட்டது. நாங்கள் பேசிய இரண்டு இடங்களிலும் ஒரே பதில்தான் வந்தது: முதலில் தியேட்டரில் போடுங்கள், என்ன வருகிறதென்று பார்த்துவிட்டுப் பேசலாம். அப்படித்தான் தியேட்டர் வெளியீடு எங்கள் தலையில் விழுந்தது. யாரும் திட்டமிட்டு அதை நோக்கிப் போகவில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வரும் தவறுகளில் பாதி அதிலிருந்து வந்தவை. எட்டு வருடம் நான் பெரிய படங்களின் விளம்பரக் குழுக்களில் வேலை பார்த்தேன். ஒரு நட்சத்திரப் படம் முதல் காட்சிக்கு முன்பே பெருமளவு விற்று முடிந்திருக்கும். ஃபர்ஸ்ட் லுக், முதல் பாட்டு, இசை வெளியீடு, டிரெய்லர் என்று மாதக்கணக்கில் சூடேற்றி, முன்பதிவு திறக்கும் நாளில் அந்தச் சூட்டை டிக்கெட்டாக மாற்றுவதுதான் வேலை. 2023 ஜனவரி 11 அன்று இரண்டு பெரிய நட்சத்திரங்களின் படங்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்றுக்கு இரவு 1 மணிக்குக் காட்சி, மற்றொன்றுக்கு 4 மணிக்கு. அந்தக் கொண்டாட்டத்தில் சென்னையில் ஒரு ரசிகர் உயிரிழந்தார். பிறகு அதிகாலைக் காட்சிகளுக்கு அரசு அனுமதி தருவது நின்றது, 9 மணிக்கு முதல் காட்சி என்றானது. நேரம்தான் மாறியது. முதல் மூன்று நாளில் முடிந்தவரை வசூலை அள்ள வேண்டும், படம் எப்படி என்ற பேச்சு பரவுவதற்குள் பெரும்பகுதி கைக்கு வந்துவிட வேண்டும் என்ற முறை அப்படியேதான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்தது அந்த ஒரு முறைதான். பெரிய சட்டையை அளவு குறைத்துத் தைத்துக் குழந்தைக்குப் போடுவது போல, அதையே இந்தப் படத்துக்கும் போட்டேன்.

தேதி பிடித்தது

பொங்கல் படங்கள் போன பிறகு, 2024ன் முதல் மாதங்களில் தமிழில் பெரிய படங்கள் அதிகம் இல்லை. அந்த நேரத்தில், பிப்ரவரி 22 அன்று வந்த மலையாளப் படமான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தமிழ்நாட்டில் வாரக்கணக்கில் ஓடியது. நட்சத்திரம் இல்லை, மொழியும் வேறு, ஆனாலும் மாலைக் காட்சிகள் நிரம்பின. எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அதையே பேசினோம். ‘கதை நல்லா இருந்தா சனம் வருது’ என்று தயாரிப்பாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அந்தப் படத்தில் கொடைக்கானலும் குணா குகையும் தமிழர் மனதில் முப்பது வருடமாக இருக்கும் ஒரு பாட்டும் இருந்தன. கேரளத்தில் அது முதலில் வெற்றி பெற்று, அந்தப் பேச்சோடுதான் இங்கே பரவியது. எங்கள் படத்துக்கு அப்படி முன்னால் ஓடி வந்த பேச்சு எதுவும் கிடையாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது நாங்கள் செய்த முதல் தப்பு.

மூன்று தேதிகளைப் பரிசீலித்தோம். மார்ச் 22 அன்று சேப்பாக்கத்தில் ஐபிஎல் தொடங்குகிறது, அதனால் வேண்டாம் என்றோம். இரண்டாவது ஏப்ரல் 12. அதற்கு அடுத்த வெள்ளி, ஏப்ரல் 19, தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. பிரசாரம் உச்சத்தில் இருக்கும்போது எங்கள் போஸ்டரை யார் பார்ப்பார்கள்? மூன்றாவது ஏப்ரல் 26. தேர்தல் முடிந்திருக்கும், பள்ளித் தேர்வுகள் முடிந்திருக்கும், விஷாலின் ‘ரத்னம்’ தவிரப் பெரிய நட்சத்திரப் படம் எதுவும் அந்த வாரம் இல்லை. அதையே எடுத்தோம்.

விநியோகஸ்தர் மினிமம் கேரண்டி தரவில்லை. படம் ஓடாவிட்டாலும் திருப்பிக் கேட்காத அந்த முன்தொகையை எங்கள் மாதிரிப் படத்துக்கு யாரும் தருவதில்லை. கமிஷனுக்குத்தான் எடுத்தார், செலவெல்லாம் தயாரிப்பாளர் தலையில். எண்பது தியேட்டர் பிடித்துத் தருவதாக மார்ச் கடைசியில் சொன்னார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அன்றைய நிலவரம் அப்படித்தான் இருந்தது. ஆனால் பெரிய படங்கள் அதிகம் இல்லாத காலியிடம் எங்கள் கண்ணில் பட்டது போலத் தியேட்டர்காரர்கள் கண்ணிலும் பட்டிருந்தது. ஏப்ரல் 20 அன்று, முதலில் 2004ல் வந்த ‘கில்லி’ மறுபடி வெளியானது. இருபது வருடப் பழைய படத்துக்குப் புதுப்படம் போலக் கூட்டம். திரையில் வசனம் வருவதற்கு முன்பே அரங்கம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் போய்ப் பார்த்தேன். வெளியே வரும்போது எங்கள் வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வெளியீட்டுச் செலவு

வெளியீட்டுக்கு என்று தயாரிப்பாளர் ஒதுக்கியது 31 லட்சம். வெள்ளிக்கிழமைக்கு முன்பே 27 லட்சம் போய்விட்டது. பத்திரிகை விளம்பரமும் போஸ்டரும் ஒன்பது லட்சம். டிஜிட்டல் திரையிடல் கட்டணமும் தியேட்டர்களுக்கான மற்ற செலவுகளும் எட்டு. டிரெய்லரை இணையத்தில் பரப்ப ஆறு. பத்திரிகையாளர் காட்சி, சிறப்புக் காட்சி, மக்கள் தொடர்பு எல்லாம் சேர்த்து நான்கு.

இதில் திரையிடல் கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படச்சுருள் போய் டிஜிட்டல் வந்த பிறகு, ஒவ்வொரு தியேட்டரிலும் படத்தை ஓட்ட அந்தத் தொழில்நுட்ப நிறுவனத்துக்குத் தயாரிப்பாளர் தரப்பு பணம் கட்டுகிறது. 2018ல் மார்ச் 1 முதல் ஏறத்தாழ ஏழு வாரம் தமிழில் புதுப்படமே வெளியாகாமல் நின்றதற்கு இந்தக் கட்டணம்தான் முதல் காரணம். முந்நூறு இருக்கையும் நிரம்புகிற படத்துக்கு அது சுண்டைக்காய். பதினைந்து பேர் வரப்போகும் படத்துக்கு, ஒவ்வொரு தியேட்டர் கூடும்போதும் முதல் டிக்கெட் கிழிவதற்கு முன்பே நஷ்டம் கூடுகிறது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ‘எண்பது தியேட்டர்’ என்று போஸ்டரில் போடும் ஆசை என்னை விடவில்லை.

டிரெய்லர் விஷயத்தில் நான் செய்தது இதைவிட மோசம். ஒரு விளம்பர நிறுவனம் பணத்துக்குப் பார்வை எண்ணிக்கை ஏற்றித் தருவதாகச் சொன்னது, சரி என்றேன். நான்கு நாளில் எட்டு லட்சம் பார்வை. தயாரிப்பாளர் அந்த எண்ணைத் தன் உறவினர்களுக்கெல்லாம் அனுப்பி மகிழ்ந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் ஒருவர் சராசரியாகப் பார்த்தது ஒன்பது நொடி. டிரெய்லர் இரண்டு நிமிடம் ஓடும். கருத்துகள் நாற்பதுக்கும் குறைவு, அதிலும் பாதி எங்கள் குழுவினர் எழுதியது. இதை நான் தயாரிப்பாளரிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போஸ்டரில் இயக்குநருக்கு ஒரு விருப்பம் இருந்தது. படம் இரண்டு திரைப்பட விழாக்களில் காட்டப்பட்டிருந்தது, அந்த விழாக்களின் இலைச் சின்னம் மேலே வர வேண்டும் என்றார். நியாயமான விருப்பம்தான், அந்த அங்கீகாரத்துக்கு அவர் ஒன்பது வருடம் காத்திருந்தார். சின்னத்தைப் பெரிதாகவே போட்டோம்.

வெளியீட்டு வாரம்

ஏப்ரல் 22, திங்கள். தியேட்டர் பட்டியல் வந்தது. எண்பது 46 ஆகியிருந்தது. அதில் 38 இடங்களில் ஒரே ஒரு காட்சி, காலை 11 மணிக்கு. மாலைக் காட்சி கிடைத்தது நான்கு இடத்தில்தான், நான்கும் சென்னை மல்டிபிளெக்ஸ். விநியோகஸ்தரிடம் சண்டை போட்டேன். ‘மறு ரிலீஸ் படத்துக்குச் சாயங்காலம் ஹவுஸ்ஃபுல் போர்டு போடுறாங்க. அதைத் தூக்கிட்டு உங்க படத்தைப் போடுங்கன்னு நான் எந்த முகத்தோட கேக்கறது?’ என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 25, வியாழன். பத்திரிகையாளர் காட்சி நன்றாகப் போனது. விமர்சனங்கள் மரியாதையாக வந்தன. ‘நேர்மையான முயற்சி’ என்ற சொல் மூன்று விமர்சனங்களில் இருந்தது. ‘நிதானமாக நகர்கிறது’ என்று இரண்டு பேர் எழுதினார்கள். இயக்குநர் ஒவ்வொன்றையும் படித்துக் கண்கலங்கினார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ‘நேர்மையான முயற்சி’ என்று படித்துவிட்டு வெள்ளிக்கிழமை வெயிலில் கிளம்பி வருகிறவர் யாரும் இல்லை என்பதும் தெரியும். இணையத்தில் எங்களைப் பாராட்டி எழுதியவர்களில் பலர் கடைசி வரியில் ‘ஓடிடியில் வரட்டும், பார்க்கலாம்’ என்று முடித்திருந்தார்கள். அவர்கள் அன்போடுதான் அப்படி எழுதினார்கள்.

ஏப்ரல் 26, வெள்ளி. 46 தியேட்டரில் 11 இடங்களில் முதல் காட்சியே ரத்தானது. பத்துப் பேர்கூட வராவிட்டால் ஏசி போட்டு ஓட்டுவது கட்டுப்படியாகாது என்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஓடிய இடங்களில் சராசரியாக 25 பேர். அப்போது சென்னை மல்டிபிளெக்ஸில் டிக்கெட் 150 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 8 சதவீதம் உள்ளாட்சி கேளிக்கை வரி, கையில் வரும்போது 190 ரூபாய். முன்பதிவுக் கட்டணம் தனி. ஒரு குடும்பம் அந்தப் பணத்தோடு கிளம்பினால் நிச்சயமாகச் சிரிக்கவோ கைதட்டவோ கிடைக்கும் என்று தெரிந்த படத்துக்குத்தான் போகும். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நானும் என் வீட்டாரை அப்படித்தான் அழைத்துப் போகிறேன்.

படம் முடிந்து வருகிறவர்களைப் பிடித்து மைக் நீட்டும் யூடியூப்காரர்கள் எங்கள் படத்துக்கு வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில், ஒரு பெரிய படம் அந்த மைக்குகளால் முதல் நாளே அடிவாங்கியது என்று சொல்லித் தயாரிப்பாளர்கள் தியேட்டர் வளாகத்தில் அதைத் தடை செய்யக் கேட்டார்கள். அவர்களின் கோபம் புரிகிறது. முன்கூட்டியே விற்ற சரக்கைப் பற்றி முதல் நாளே எதிர்ப்பேச்சு வந்தால் அடி பலமாக விழும். எங்களுக்கோ அந்த மைக்கில் யாராவது திட்டியிருந்தால்கூடப் படம் வந்திருப்பது நாலு பேருக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை 30 தியேட்டர், ஞாயிறு 22. திங்கள் காலை ஒன்பது மிஞ்சியது. நான்கு நாளில் எங்கள் பங்காக வந்தது இரண்டு லட்சம் சொச்சம்.

ஒரு தொலைபேசி அழைப்பு

ஞாயிறு மாலை இயக்குநருக்கு ஒரு அழைப்பு வந்தது. படத்தில் டீக்கடைக்காரராக நடித்தவரின் அக்கா மகன், பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர். ஈரோட்டில் படம் ஓடுகிறதே, பார்த்தீர்களா என்று இயக்குநர் கேட்டார். ‘ஏனுங்கண்ணா, காத்தால பதினோரு மணிக்குத் தறி ஓடீட்டிருக்குமுங்க. நாங்க எப்படிங்க வர்றது? ஞாயித்துக்கெழம வரலாம்னு பாத்தா, படத்தத் தூக்கிப்போட்டாங்கன்னு சொல்றாங்க.’

இயக்குநர் கைபேசியை என்னிடம் நீட்டினார். நான் அவரிடம் இருபது நிமிடம் பேசினேன். காலை எட்டு மணிக்கு ஒரு ஷிஃப்ட் ஏறும், இரவு எட்டுக்கு மாறும். ஞாயிறுதான் லீவு. பட்டறையில் யாருக்கும் டிரெய்லர் வந்து சேரவில்லை. போஸ்டர் பார்த்தார்களா என்றேன். பார்த்தோம், ஆனால் அது ஏதோ அவார்டு படம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள் என்றார். ‘அதுல நம்மூரு ஆளுங்க இருக்கறதே தெரியலீங்க.’

யாருடைய வாழ்க்கையைப் படமாக எடுத்தோமோ அவர்கள் வேலையில் இருக்கும் நேரத்தில்தான் படத்தை ஓட்டியிருக்கிறோம். எட்டு வருட அனுபவத்தில் ஒருமுறைகூட நான் ‘இந்தப் படத்தைப் பார்க்கிறவர் எத்தனை மணிக்கு ஓய்வாக இருப்பார்’ என்று கேட்டதில்லை. பெரிய படத்துக்கு அந்தக் கேள்வி தேவைப்படாது. அங்கே ரசிகர் லீவு போட்டுவிட்டு வருவார்.

திங்கள் இரவு எடுத்த முடிவு

ஏப்ரல் 29 இரவு தயாரிப்பாளர், இயக்குநர், விநியோகஸ்தர், நான் நால்வரும் உட்கார்ந்தோம். கையில் நான்கு லட்சம் இருந்தது. மூன்று யோசனைகள் வந்தன. ஒன்று, எல்லா இடத்திலும் எடுத்துவிட்டு ஓடிடிக்குப் பேசப் போவது. தியேட்டரில் வந்து நான்கு வாரம் கழித்துத்தான் ஓடிடி என்ற வழக்கம் அப்போது இருந்ததால் அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. இரண்டு, மீதிப் பணத்தைச் சென்னை விளம்பரத்தில் போட்டு அந்த நான்கு மாலைக் காட்சிகளைக் காப்பாற்றுவது. விநியோகஸ்தர் இதைத்தான் சொன்னார். சென்னையில் ஓடினால்தான் படத்துக்குப் பெயர், ஓடிடியிலும் அது பேசும் என்பது அவர் வாதம், அதில் உண்மையும் இருந்தது.

மூன்றாவது இயக்குநருடையது. புதன்கிழமை மே 1. தறிப் பட்டறைகளுக்கு லீவு. பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தறி ஊரான குமாரபாளையத்தில் ஒரு தியேட்டரை மதியக் காட்சிக்கும் மாலைக் காட்சிக்கும் வாடகைக்கு எடுப்போம். மே 3 வெள்ளியன்று புதுப்படங்கள் வருகின்றன, அதன் பிறகு இடம் கிடைக்காது. கையில் இரண்டே நாள்.

இதைத் தேர்ந்தெடுத்தோம். காரணத்தை நேராகச் சொன்னால், சென்னை விளம்பரத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. குமாரபாளையத்தில் யார் வருவார்கள் என்று இயக்குநரால் தெருத் தெருவாகச் சொல்ல முடிந்தது. தயாரிப்பாளர் வேறொரு காரணம் சொன்னார்: ‘நான் நூல் விக்கிற ஊருல என் படம் ஒரு நாளாவது நிறைஞ்சு ஓடட்டும்.’ தொழில் கணக்கில் இது சேராது என்றாலும் முடிவில் அதற்கும் பங்கு உண்டு.

தியேட்டர் உரிமையாளர் முதலில் தயங்கினார், பிறகு இரண்டு காட்சிக்கு 35,000 ரூபாய் வாடகை என்று பேசி முடித்தோம். சென்னை உட்பட மற்ற எல்லா இடத்திலும் படத்தை எடுத்துக்கொண்டோம்.

மே 1, குமாரபாளையம்

செவ்வாய் காலை போஸ்டரை மாற்றி அச்சடித்தோம். விழாச் சின்னங்களை எடுத்தோம். இயக்குநர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு ‘எடுத்துருங்க’ என்றார். அவற்றுக்குப் பதிலாக ஊர்க்காரர்கள் ஒன்பது பேரின் முகங்கள், கீழே எந்தத் தெருவில் எடுத்தது என்ற வரி. காவல் நிலையத்தில் அனுமதி வாங்கி ஒரு ஆட்டோவில் மைக் கட்டினோம். அதில் பேசியவர் படத்தில் நடித்த டீக்கடைக்காரரே. இரவு எட்டு மணி ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பட்டறை வாசல்களில் நோட்டீஸ் கொடுத்தோம். எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்.

அந்த வாரம் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியிருந்தது. மதியக் காட்சிக்கு யாரும் வர மாட்டார்கள் என்று நான் பயந்தேன். 190 பேர் வந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். ஏசிக்காகவும் வந்திருக்கலாம், வரட்டுமே. மாலைக் காட்சிக்கு 430 பேர். அந்த அரங்கில் ஏறத்தாழ 500 இருக்கை.

நான் இரண்டு காட்சியிலும் கடைசி வரிசையில் நின்றேன். சென்னைப் பத்திரிகையாளர் காட்சியில் அரங்கம் அமைதியாகக் கனத்துப்போய்ப் பார்த்த ஒரு காட்சி உண்டு. முன்பணக் கணக்கைப் பட்டறைக்காரர் வாசிக்க வாசிக்கத் தொகை குறையாமல் கூடிக்கொண்டே போகும். குமாரபாளையத்தில் அதற்குச் சிரித்தார்கள். சத்தமாக, தெரிந்த சிரிப்பு. இயக்குநர் முதலில் பதறினார். பிறகு, தான் அதை எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதியது நினைவுக்கு வந்தது என்றார். விமர்சனங்களில் இருந்த ‘கனமான’, ‘இருண்ட’ என்ற சொற்களை அந்த அரங்கில் யாரிடம் சொன்னாலும் புரிந்திருக்காது.

குறையும் சொன்னார்கள். இடைவேளையில் ஒரு பெரியவர் வந்து, மூன்றாவது ரீலில் கேட்பது நாடா ஓடும் பழைய தறிச் சத்தம் இல்லை, நாடா இல்லாத ராபியர் தறிச் சத்தம் என்றார். ஒலிப்பதிவில் விசாரித்தால் உண்மைதான், சத்தக் கிடங்கிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு விழாக்களிலும் எவர் காதிலும் படாத தப்பு அது. மகள் பாத்திரத்தைப் பற்றி ஒரு பெண் கோபமாகவே பேசினார்: ‘அந்தப் புள்ள கடைசியில காலேஜுக்குப் போச்சா இல்லையான்னு சொல்லாம முடிச்சுப்போட்டீங்களே, அதென்னங்க அது?’ அந்த முடிவை விமர்சகர்கள் பாராட்டியிருந்தார்கள். இரண்டு கருத்தையும் அடுத்தடுத்து வைத்து நான் பல நாள் யோசித்தேன். அந்தப் பெண்ணின் பக்கம் அதிக நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

டிக்கெட் 100 ரூபாய், வரி உட்பட. 620 பேர், 62,000 ரூபாய். வரியும் வாடகையும் விளம்பரமும் போகக் கையில் நின்றது இரண்டாயிரத்துச் சொச்சம். லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படம் வெளியான ஆறு நாளில் நஷ்டம் இல்லாமல் முடிந்த முதல் நாள் அதுதான்.

அதற்குப் பிறகு

மே 3 அன்று தியேட்டர்கள் புதுப்படங்களுக்குப் போயின. குமாரபாளையத்துக்காரர் ஞாயிறு மதியக் காட்சியை, இந்த முறை வாடகை இல்லாமல் பாதிக்குப் பாதி பங்கில், தானாகவே தந்தார். புதன்கிழமைக் கூட்டத்தை அவரே பார்த்திருந்தாரே. அடுத்த ஞாயிறுகளில் சங்ககிரி, திருச்செங்கோடு, மே 26ல் சோமனூர் என்று தறி ஓடும் ஊர்களாகவே போனோம். மே 1ஐயும் சேர்த்து 11 காட்சி, 2,900 பேர். சோமனூர் சரியாகப் போகவில்லை. அங்கே பேச்சு வழக்கு ஒன்றாக இருந்தாலும் முகங்கள் தெரியாதவை, மைக்கில் பேச உள்ளூர் ஆளும் எங்களிடம் இல்லை.

காட்சிக்குச் சராசரி 25 பேர் வந்த அதே படத்துக்கு இந்த ஊர்களில் சராசரி 260க்கு மேல்.

பணக் கணக்கு இதனால் மாறிவிடவில்லை. தியேட்டர் வழியாக மொத்தம் வந்தது மூன்றரை லட்சத்துக்குள். ஓடிடியில் மொத்தத் தொகைக்கு யாரும் வாங்கவில்லை, பார்க்கும் அளவுக்கு ஏற்பப் பங்கு என்ற ஏற்பாட்டில் ஆகஸ்டில் போனது, சொற்பம்தான் வருகிறது. தொலைக்காட்சி உரிமை விற்கவில்லை. தயாரிப்பாளர் போட்டதில் பெரும்பகுதி போய்விட்டது. இனி படம் எடுப்பதாக அவருக்கு எண்ணம் இல்லை. என்னிடம் கோபப்படவும் இல்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. டிரெய்லர் பார்வை எண்ணிக்கையின் உண்மையை ஜூனில் அவரிடம் சொன்னேன். ‘அப்பவே சொல்லியிருந்தா அந்த ஆறு லட்சத்துக்கு இன்னும் எத்தனை ஊருக்குப் போயிருக்கலாம்’ என்று மட்டும் கேட்டார்.

மறுபடி செய்தால்

முதலில் தறி ஊர்களில் ஆறு தியேட்டர், ஞாயிறு மட்டும், மூன்று வாரம். அங்கே பார்த்தவர்களின் பேச்சு ஈரோடு, சேலம், கோவைக்குப் போக நேரம் கொடுத்து, பிறகுதான் சென்னை. 46 தியேட்டருக்குக் கட்டிய திரையிடல் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியிருக்கும். பெரிய படம் என்பது, அதை இன்னும் பார்க்காதவர்களிடமே விற்றுவிடுவது. எங்கள் படத்தைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் அடுத்தவர் வர முடியும். அதற்குப் பத்து நாளாவது வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது நான்கு நாள், அதையும் கேட்டு வாங்கியது நாங்கள்தான்.

டிரெய்லருக்கு ஒரு ரூபாய்கூடப் பணம் கொடுத்துப் பார்வை வாங்க மாட்டேன். நடித்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் தன் வீட்டு வாட்ஸ்ஆப் குழுவில் போடக்கூடிய முப்பது நொடித் துண்டுகளாக வெட்டித் தருவேன். விழாச் சின்னம் உள்ள போஸ்டரும் இல்லாத போஸ்டரும் தனித்தனியாக அடிப்பேன். சென்னையில் அந்தச் சின்னத்தைப் பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள், அவர்களை இழக்க வேண்டியதில்லை. தேதி குறிக்கும்போது எந்தப் படம் வருகிறது என்பதோடு, எங்கள் பார்வையாளருக்கு என்று லீவு என்பதையும் எழுதி வைப்பேன். மே 1ஐ நாங்கள் ஜனவரியிலேயே காலண்டரில் பார்த்திருக்கலாம்.

படத்தை முடிப்பதற்கு முன்பே குமாரபாளையத்தில் ஒரு காட்சி போட்டிருக்கலாம் என்று இயக்குநர் இப்போது சொல்கிறார். தறிச் சத்தம் அப்போதே சரியாகியிருக்கும்.

சென்னைக்கு மட்டும் எங்களிடம் இன்னும் வழி இல்லை. அங்கே வாடகைக்குத் தியேட்டர் எடுத்தால் 35,000 போதாது, மைக் கட்டிய ஆட்டோ எந்தத் தெருவில் போக வேண்டும் என்று சொல்லவும் ஆள் இல்லை. கொருக்குப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் தறி ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் இருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். இயக்குநர் தன் அடுத்த கதையை எழுதிக்கொண்டிருக்கிறார். அது முடிவதற்குள் அங்கே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.